கஜந்தி அடையாளம் காட்டிய எலும்புகள்

டொக்டரின் அறையில் துவாரகனுக்குப் பக்கத்துக் கதிரைதான் கஜந்திக்குக் கிடைத்தது. வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலை வாரி, மனைவியின் எலும்பைப் பொறுப்பெடுக்க வந்த புருஷனாக அவன் அடக்கமாக இருந்தான்.

அந்த எலும்புகள் தங்கச்சி லக்சனாவினுடையவை அல்ல என்று அவளுக்குத் தெரியும். லக்சனா வெருகலில், சின்ன வயதில் தங்களைப் படிப்பித்த நல்லம்மா ரீச்சரின் வீட்டில், உயிரோடு இருந்தாள். துவாரகன் அவளுடைய கையை முறித்ததற்கு அடுத்த நாள், அவன் துறைமுகத்துக்கு வேலைக்குப் போன நேரம் பார்த்து, கஜந்திதான் அவளைக் கொண்டுபோய் அங்கே விட்டாள். அதன்பிறகு அவன் கஜந்தி வேலைசெய்யும் மருந்துக்கடைக்கு வரத் தொடங்கினான். ஆட்கள் நிற்கத்தக்கதாகவே, "அவளை எங்க ஒளிச்சு வைச்சிருக்கிறீங்கள்? கையில அகப்பட்டாள் எண்டா உயிரோட விடமாட்டன்" என்பான்.

சீனன்குடாப் பக்கம் பற்றை வெட்டியவர்கள் எலும்புகளையும் கிழிந்த நீலத் துணியொன்றையும் கண்டபோது, காணாமற்போனவர்களின் உறவினரைப் பொலிஸ் கூப்பிட்டது. "இது என்ர தங்கச்சியின்ர சட்டைத் துணி" என்று கஜந்தி சொன்னாள். யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்துவிட்டது. கையெலும்புகளை மிருகங்கள் இழுத்துக்கொண்டு போயிருந்தன; இடுப்பெலும்பையும் கடித்துச் சிதைத்திருந்ததால் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்ல ஏலவில்லை. பொலிஸ் துவாரகனை விசாரித்தது. கிடைத்த எலும்பில் காயம் எதுவும் இல்லையென்று விட்டுவிட்டது. அவன் கடைப் பக்கம் வருவதை நிறுத்தினான். லக்சனா பயமில்லாமல் கோயிலுக்குப் போய்வரத் தொடங்கினாள்.

டி.என்.ஏ. பார்க்காமல் எலும்பைக் கொடுக்கக்கூடாது என்று நீதவான் சொல்லுவார் என்பதைக் கஜந்தி நினைத்தே பார்க்கவில்லை.

டொக்டர் அறிக்கையை மேசையில் வைத்தார். "பெண்ணுக்கு ரெண்டு எக்ஸ் இருக்கும். ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு வை. தொடையெலும்பில எடுத்ததிலயும் பல்லில எடுத்ததிலயும் வை இருக்கு. இது ஒரு ஆம்பிளையின்ர எலும்பு."

துவாரகன் மெல்லத் திரும்பினான்.

"மச்சாள், துணி அவளின்ர எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"பிழையாப் பார்த்திட்டன்."

"அப்ப அவள் உயிரோட இருக்கிறாள்."

"அப்பிடியும் சொல்ல ஏலாது" என்றார் டொக்டர். "இது அவ இல்லை. அவ்வளவுதான் தெரியும்."

அவன் அதைக் கேட்கவில்லை. கஜந்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒருமுறையாவது 'கடவுளே, அப்ப என்ர தங்கச்சி எங்க' என்று பதறியிருந்தால் நம்பியிருப்பானோ என்னவோ. அவளுக்குப் பதற வரவில்லை.

"வெருகல் ரீச்சர்" என்றான் அவன், தனக்குத்தானே சொல்வதுபோல. லக்சனா வாய்க்கு வாய் சொல்லும் பெயர் அது. எழுந்து கதவைத் தள்ளிக்கொண்டு போனான். வெளியே அவனுடைய மோட்டார் சைக்கிள் உறுமியது.

கஜந்தி விறாந்தைக்கு ஓடிவந்து லக்சனாவுக்குப் போன் எடுத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. ரீச்சரின் போன் வேலை செய்யவில்லை. விறாந்தையில் போட்டிருந்த நீள வாங்கில் கிண்ணியாவைச் சேர்ந்த சுபைதா இருந்தாள். மாடு தேடிச் சீனன்குடாப் பற்றைக்குள் போன அவளுடைய கணவர் அபூதாஹிர் திரும்பி வரவேயில்லை. எலும்பு கிடைத்த கிழமையே அவள் பொலிசுக்கு வந்திருந்தாள். 'அது பொம்பிளையின்ர, ஆள் தெரிஞ்சிட்டுது' என்று திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்குக் கஜந்தியும் அங்கேதான் நின்றாள். அறிக்கை வந்ததும் இன்று பொலிஸ்தான் அவளைக் கூப்பிட்டிருந்தது. சார்ஜன் யோகலிங்கம் அவளுக்கு முன்னால் குனிந்து நின்று, மகன் நுஸ்கியின் வாயில் பஞ்சு வைத்து எடுக்கவேண்டும் என்று விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார்.

"சேர்" என்றாள் கஜந்தி. "நான் பொய் சொன்னனான். தங்கச்சி வெருகலில இருக்கிறாள். அவன் அவளைக் கொல்லப் போறான். மறியுங்கோ."

யோகலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். "என்ன சொல்லுறீங்கள் எண்டு தெரியுமோ? உங்களைத்தான் உள்ளுக்குப் போடுவினம்."

"போடுங்கோ. முதல்ல அவனை மறியுங்கோ."

அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசல்பக்கம் நடந்தார். சுபைதா வாங்கைவிட்டு எழும்பினாள்.

"ஒங்கட கதையாலதானா என்னத் திரும்பிப் போகச் சொன்ன?"

"ஓம்."

"நான் ஒவ்வொரு நாளும் அவர்ர சோத்த மூடி வெச்சேன்" என்றாள் சுபைதா.

துவாரகனை மூதூர் தாண்டியதும் மறித்தார்கள். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் கத்தி இருந்தது. லக்சனா குளித்துக்கொண்டு நின்றதால்தான் போனை எடுக்கவில்லை. பொலிஸ் படலையில் வந்து நின்றபோது ஈரத் தலையோடு வந்து கதவைத் திறந்தாளாம். அவளை ஒரு பெண்கள் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். அது எங்கே என்று இந்த முறை கஜந்திக்கே சொல்லவில்லை. பொய் வாக்குமூலம் கொடுத்ததற்காகக் கஜந்திமேல் வழக்கு, பிணையில் வந்தாள்.

நுஸ்கியின் டி.என்.ஏ. எலும்போடு பொருந்தியது. கிண்ணியாவில் ஜனாஸா அடக்கம் முடிந்து சில நாட்களின்பின் கஜந்தி அந்த வீட்டைத் தேடிப் போனாள். சுபைதா கதவைப் பாதிதான் திறந்தாள்.

"தங்கச்சி சுகமா?"

"சுகம்."

"நல்லம். நாப்பதாம் நாள் ஓதுற கத்தம் முடியட்டும், பொறகு வாங்க. இப்ப ஒங்கட மொகத்தப் பாக்க எனக்கு ஏலா."

கதவு சாத்தப்பட்டது. கஜந்தி பஸ் எடுக்கச் சந்திப் பக்கம் நடந்தாள்.