பதினேழாம் நாள்

"மாசத் தவணைன்னா, கட்ட வேண்டிய தேதி தாண்டிப் பதினஞ்சு நாள்தான் டைம். உங்க வீட்டுக்காரர் பதினேழாம் நாள் இறந்திருக்காரு. இன்சூரன்ஸ் பணம் வராதும்மா" என்றான் ஏஜென்ட் கணேஷ்குமார், வாசற்கதவைப் பாதி மட்டும் திறந்து.

பூரணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருடத்துக்கு ஒருமுறை கட்டியபோது முப்பது நாள் அவகாசம் இருந்தது. மாதத் தவணைக்கு மாற்றிவிட்டதே இவன்தான்.

"பதினஞ்சு நாள்னு அவருகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லாம இருப்பேனா? மறந்திருப்பாரு."

செத்தவர் தலையிலேயே பழியைப் போடுகிறான். அவள் பையிலிருந்து, இவன் படம் போட்டு இவனே கொடுத்த காலண்டரை உருவினாள். தவணையை மாற்றிய அன்று அதில் கைப்பட எழுதியிருந்தான்: 'மாதத் தவணை. முப்பது நாள் டைம் உண்டு.'

கணேஷ்குமாரின் கை நீண்டது.

"தொடாதீங்க. அங்கேருந்தே படிங்க. கே.கே. நகர் முழுக்கக் கேக்கட்டும்."