ஒரு பக்கத்துக்கு ஒரு பொய்

"அக்கா, உன் பெஞ்சையெல்லாம் எவனோ மொத்தமா தூக்கிட்டுப் போயிட்டான்!" என்று போனில் தங்கை கத்தினாள்.

அக்காக்காரி தலையை நீட்டி, தன் ஆபீஸ் நடைபாதையில் கிடந்த மர பெஞ்சைப் பார்த்தாள். அது இருந்த இடத்திலேயே இருந்தது. அதன்மேல் பியூன் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"எந்த பெஞ்சு?"

"உன் வெப்சைட்ல இருக்கிறது, அக்கா! படம், எழுத்து, எல்லாம். ஒரு வரி விடாம. நான் சாயந்திரம் வர்றேன், அவனை உண்டு இல்லைன்னு பண்ணிடலாம்."

போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அவளுக்கு வேலை ஓடவில்லை. பள்ளிப் புத்தகங்கள் போடும் பதிப்பகத்தில் பிழை திருத்துவது அவள் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தையும் மூலப்பிரதியோடு ஒத்துப் பார்க்க வேண்டும். அவளை ஆபீஸில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'சிவப்புப் பேனா' என்றுதான் சொல்வார்கள். தவளை வளரும் பாடத்தில் முட்டைக்கு முன்னால் தவளையை அச்சடித்த மேனேஜரையே நிற்க வைத்துக் கேள்வி கேட்டவள். அப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் உட்கார்ந்து வேண்டுமென்றே பிழை எழுதினாள் என்றால் ஆபீஸில் யார் நம்புவார்கள்? ஆனால் எழுதினாள். ஒரு காலத்தில், ஒரு ஆளுக்காக.

அந்த ஆள் அவள் புருஷன், பாஸ்போர்ட் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். வாரம் முழுக்க அவருக்கு ஒரே பாட்டுதான்: "தாடையைத் தூக்குங்க, காது தெரியணும், சிரிக்காதீங்க." படத்தைக் கையில் வாங்கியதும் ஒவ்வொருவரும், "நான் இப்படியா இருக்கேன்?" என்று அவரிடம் சண்டைக்கு வருவார்கள். சலித்துப் போய்விட்டது மனுஷனுக்கு. நல்லா வந்திருக்கா என்று கேட்காத எதையாவது படம் எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். கண்ணில் பட்டது பெஞ்சு.

காலியான பெஞ்சுகள். பல் டாக்டர் வாசலில், கோர்ட் வராந்தாவில், தையல் கடைத் திண்ணையில், ரயில் வராத பிளாட்பாரத்தில். ஜனங்கள் காத்திருந்துவிட்டு எழுந்து போன இடங்கள். அவர் எடுப்பார், அவள் கீழே ஒரு பத்தி எழுதுவாள். வெப்சைட் வடிவமைப்பதையே தொழிலாக வைத்திருக்கும் தங்கை அதற்கு ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்தாள். ஊரில் ஜோடியாகச் சினிமாவுக்குப் போவார்கள், இதுகள் ஜோடியாக பெஞ்சு பார்க்கப் போகுதுகள் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு ஒளிந்து ஒளிந்து படித்தார்கள். அதுவும் அவளுக்குத் தெரியும்.

முதல் திருட்டு ஒரு மரச்சாமான் கடையில் நடந்தது. இவர்கள் படத்தையும் எழுத்தையும் எடுத்து அந்தக் கடையின் விளம்பரப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். அவள் நேரே போய்க் கேட்டாள். கடைக்காரர் அசரவில்லை.

"ஏம்மா, பெஞ்சுன்னா நாலு காலு, ஒரு பலகை. இதுல உங்களுது எதும்மா?"

வீட்டுக்கு வந்து கோபத்தில் அழுதாள். படத்தின் குறுக்கே பெயரைப் போட்டுவிடலாம் என்றாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மூஞ்சியில் முத்திரை குத்துகிற வேலையெல்லாம் ஆபீஸர்கள் செய்வது, நமக்கு வேண்டாம் என்றார். பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து யோசித்துவிட்டுச் சொன்னார்:

"நீ ஒவ்வொரு பக்கத்துலயும் ஒரு பொய் எழுது."

"பொய்யா? நானா?"

"சின்னப் பொய். யாருக்கும் கெடுதல் இல்லாத பொய். உண்மையை யாரு வேணா எழுதலாம், நாங்களும் பார்த்தோம்னு சாதிக்கலாம். உன் பொய்யை எடுத்து எழுதினான்னா, உன்கிட்ட இருந்துதான் எடுத்தான். கையும் களவுமா மாட்டுவான்."

அன்றிலிருந்து அது சட்டமாகிவிட்டது. ஒரு பக்கத்துக்கு ஒரு பொய், ஒன்றே ஒன்று, கூடவும் கூடாது குறையவும் கூடாது. பக்கம் வெப்சைட்டில் ஏறும் முன் எது பொய் என்று அவர் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் அன்றைக்குப் பாத்திரம் அவள் தேய்க்க வேண்டும், தோற்றால் அவர். பொய் எது என்று அந்த இரண்டு பேரைத் தவிர மூன்றாம் பேருக்குத் தெரியாது. தங்கைக்குக்கூட, பொய் இருக்கிறது என்று தெரியுமே தவிர எங்கே இருக்கிறது என்று தெரியாது.

அவர் ஆற அமரப் படிப்பார். டீயை ஆற வைத்துவிட்டுப் படிப்பார். திடீரென்று, "பூனை! பூனைதான் பொய்! அங்க படுத்திருந்தது நாய்!" என்று குதிப்பார். அந்தக் குதிப்புக்காகவே அவள் மண்டையை உடைத்துக்கொண்டு பொய் தேடினாள். சில நாள் அவர் வேண்டுமென்றே தோற்றார் என்று அவளுக்குச் சந்தேகம். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

பிறகு அவருக்கு ஒரு வேலை வந்தது. தூர தேசத்தில் ஒரு மியூசியம். அங்கிருந்த பழைய பொருள்களையெல்லாம் படம் எடுத்துத் தர வேண்டும். ஒரே வருஷம் என்றார். அவளைக் கலக்காமல் ஒத்துக்கொண்டுவிட்டார், அதுதான் வினை. "நீயும் வாயேன்" என்று அவர் கேட்டபோது, "முடிவு பண்ணினப்பறம் எதுக்குக் கூப்பிடறீங்க?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அவருக்கு வாய் மூடிக்கொள்ளும். இந்தப் பொருத்தத்தில் ஒரு குடும்பம் எத்தனை தூரம் ஓடும்?

இருந்தும் ஞாயிறு தவறாமல் போன் பண்ணினார். வருஷம் முடிந்ததும் லீவில் வருகிறேன் என்றார். பிறகு வேலை நீண்டுவிட்டது, வர முடியாது என்றார். அன்று சாயங்காலம் அவள் தன் போனில் ஒரு படம் எடுத்து, தானே எழுதி, தானே வெப்சைட்டில் ஏற்றினாள். அவரை வழியனுப்பிய பஸ் ஸ்டாண்டு பெஞ்சு. அதுதான் கடைசிப் பக்கம். அதற்குப் பிறகு அவரிடமிருந்து போன் வரவில்லை. அவளும் பண்ணவில்லை. அங்கேயே யாரோ கிடைத்திருப்பார்கள் என்று தங்கை சொன்னாள். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவள் போனைச் சத்தமில்லாமல் வைத்ததில்லை. குளிக்கப் போனால்கூட ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுத்தான் போவாள்.

சாயந்திரம் தங்கை லேப்டாப்போடு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அவன் வெப்சைட்டுக்கு இடம் கொடுத்திருக்கிற கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பணும். இது என்னோடது, அனுமதி இல்லாம போட்டிருக்கான்னு. ஆதாரம் சரியா இருந்தா ரெண்டே நாள்ல மொத்தப் பக்கத்தையும் இறக்கிடுவாங்க. ஒரே ஒரு சிக்கல்."

"என்ன?"

"எழுத்து உன்னோடது. படம் உன்னோடது இல்லை. எடுத்தவருக்குத்தான் உரிமை. அந்த மனுஷன் எழுதிக் கொடுக்காம படத்துக்கு நீ புகார் பண்ண முடியாது."

அவள் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. "அப்ப... அவரைக் கேட்கணுமா?"

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே எல்லாம் இருந்தது. "ஒண்ணும் கேட்க வேணாம். எழுத்துக்கு மட்டும் புகார் பண்ணுவோம், எழுத்து போனா படமும் தானா போயிடும். நீ அந்தப் பொய்யையெல்லாம் குறிச்சுக் கொடு. நம்ம பக்கத்துல இருக்கிற பொய், அவன் பக்கத்துலயும் அப்படியே இருக்கும். அதுதான் ஆதாரம்."

"சரி" என்றாள் அவள். துள்ளிய நெஞ்சு பழையபடி இடத்துக்கு வந்துவிட்டது.

குழந்தையை டியூஷனிலிருந்து கூட்டி வர வேண்டும் என்று தங்கை கிளம்பினாள். "நோட்டீஸ் ரெடியா திறந்து வெச்சிருக்கேன். பொய்யை எழுதிட்டு, கீழ இருக்கிற பட்டனை அமுக்கு. பாவம் பார்க்காத!" என்று படியிறங்கும்வரை சொல்லிக்கொண்டே போனாள்.

அவள் இடது பக்கம் தன் பக்கத்தையும், வலது பக்கம் திருட்டுப் பக்கத்தையும் திறந்து வைத்துக்கொண்டாள். ஆபீஸில் செய்கிற வேலைதான். மூலம், நகல். முதலில் பல் டாக்டர் பெஞ்சு. திங்கட்கிழமை டாக்டர் வரமாட்டார் என்று இவள் எழுதியிருந்தாள், பொய். நகலில் புதன்கிழமை என்று இருந்தது.

சனியன், பார்த்து எழுதக்கூடத் தெரியவில்லை என்று திட்டினாள். அடுத்தது கோர்ட் பெஞ்சு. அதன் ஒரு காலுக்கு மூட்டை கட்டும் கயிறு சுற்றியிருக்கிறது என்று எழுதியிருந்தாள். நகலில் கம்பி. உண்மையில் அது கம்பிதான். படத்தில் தெரியாது, அது பின்பக்கத்துக் கால். தையல் கடை பெஞ்சுக்கு வந்தாள். இவள் பக்கத்தில் அதன் அடியில் பூனை படுத்திருந்தது. நகலில் நாய் படுத்திருந்தது.

அவள் கை எலிப்பொறியில் மாட்டியதுபோல மவுசின்மேல் நின்றுவிட்டது.

மற்ற வார்த்தைகளில் ஒரு புள்ளி மாறவில்லை. பொய் இருந்த இடத்தில் மட்டும் உண்மை உட்கார்ந்திருந்தது. இது எந்தத் திருடனுக்குத் தெரியும்? நாய் படுத்திருந்ததை யார் பார்த்தார்கள்?

பதறிப்போய்ப் படங்களைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவள் அதைக் கவனிக்கவே இல்லை. நகலில் இருந்த படங்கள் இவள் பக்கத்துப் படங்களைவிட அகலமாக இருந்தன. வெப்சைட்டில் போடும்போது அவர் ஓரங்களை வெட்டிவிடுவார், பெஞ்சு மட்டும் இருக்க வேண்டும் என்பதற்காக. வெட்டிய ஓரம் அவர் கேமராவைத் தவிர வேறெங்கும் கிடையாது. இங்கே அந்த ஓரம் இருந்தது. பல் டாக்டர் பெஞ்சின் ஓரத்தில் அவளுடைய பை. கோர்ட் பெஞ்சுக்குப் பக்கத்தில் அவளுடைய செருப்புக் கால், கட்டைவிரல் பொறுமையில்லாமல் மேலே தூக்கியபடி. பிளாட்பாரத்தில் நீளமாக அவள் நிழல், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. இத்தனை நாளும் யாரும் இல்லாத பெஞ்சுகள் என்று அவள் நினைத்திருந்த எல்லாவற்றிலும் அவள் இருந்தாள். வெட்டியெறிந்த துண்டுகளையெல்லாம் அந்த மனுஷன் பத்திரமாக வைத்திருந்து திரும்ப ஒட்டியிருந்தார்.

அவளுக்குக் கண் மறைத்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். அவர் பெயர் எங்கும் இல்லை. அடியில் தொடர்புக்கு ஒரு ஈமெயில் முகவரி மட்டும் இருந்தது. இவ்வளவு செய்தவருக்கு ஒரு போன் பண்ணத் தெரியாதா என்று ஆத்திரமும் வந்தது. இத்தனை வருஷம்! ஒரு வார்த்தை!

கடைசிப் பக்கத்துக்குப் போனாள். பஸ் ஸ்டாண்டு பெஞ்சு. அவள் போனில் எடுத்த கோணலான படம். அதை அவர் அப்படியே எடுத்துப் போட்டிருந்தார். கீழே அவள் எழுதியதைப் படித்தாள்.

"அன்று பஸ் சரியான நேரத்துக்கு வந்தது" என்று அவள் எழுதியிருந்தாள். நகலில், "அன்று பஸ் தாமதமாக வந்தது" என்று திருத்தியிருந்தார். ஆமாம், தாமதமாகத்தான் வந்தது. இரண்டு பேரும் பேசாமல் அந்த பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் இன்னும் தாமதமாகட்டும் என்று அவள் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்த வரி: "இப்போது இந்த வழியாகப் போனாலும் நான் இதில் உட்காருவதில்லை. நான் யாருக்காகவும் காத்திருக்கவில்லை."

நகலில் அந்த வரி அப்படியே இருந்தது. அவள் மறுபடி படித்தாள். எழுத்தெழுத்தாக, விரல் வைத்து, ஆபீஸில் படிப்பதுபோலப் படித்தாள். ஒரு மாற்றமும் இல்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு பக்கத்துக்கு ஒரு பொய். அவர் சட்டப்படி படித்திருக்கிறார். பொய்யைத் தேடியிருக்கிறார், பஸ்ஸில் கிடைத்திருக்கிறது, அதோடு நிறுத்திவிட்டார். மிச்சமெல்லாம் உண்மை என்று எடுத்துக்கொண்டார். எப்போதும் அப்படித்தானே? அவள் என்றைக்கு ஒன்றுக்கு மேல் எழுதினாள்? அன்றைக்கு ஒரே ஒரு நாள், கோபத்தில், இரண்டு எழுதினாள். சட்டத்தை மீறியது அவள். அந்த மனுஷன் அதை நம்பிவிட்டு, போனைக் கீழே வைத்துவிட்டார்.

"முட்டாள்" என்று சத்தமாகச் சொன்னாள். யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

போன் அடித்தது, தங்கை. "அனுப்பிட்டியா?"

"இல்லை."

"ஏன்? பொய்யெல்லாம் ஒத்து வருதா இல்லையா?"

"ஒண்ணே ஒண்ணுதான் ஒத்து வருது."

"ஒண்ணு போதும்க்கா! அதை எழுதி அனுப்பு!"

"அனுப்பறேன்" என்று சொல்லி வைத்தாள்.

நோட்டீஸை மூடினாள். நகலின் அடியில் இருந்த முகவரியை எடுத்தாள். என்னென்னவோ எழுத வந்தது. ஏன் கூப்பிடலை, சாப்பிடறீங்களா, முடி கொட்டிடுச்சா, எப்ப வர்றீங்க. எழுதி எழுதி அழித்தாள். அடுத்தவர்கள் எழுத்தைத் தயவில்லாமல் வெட்டியவளுக்குத் தன் எழுத்தை வெட்ட அத்தனை கஷ்டமாக இருந்தது. கடைசியில் மிஞ்சியது இதுதான்:

'கடைசிப் பக்கத்துல ரெண்டு பொய் இருக்கு. நீங்க ஒண்ணுதான் கண்டுபிடிச்சிருக்கீங்க. தோத்துட்டீங்க. பாத்திரம் அப்படியே கிடக்கு, வந்து தேயுங்க.'

அனுப்பிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். தொட்டியில் கிடந்தது ஒரு தட்டும் ஒரு டம்ளரும்தான். பழக்கதோஷத்தில் கை குழாய்க்குப் போனது. பிறகு குழாயைத் திறக்காமலே திரும்பி வந்து, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.