கையில் ஒட்டிய தார்

புனேக்கு வெளியே முள்ஷி கிராமத்துப் பக்கம் சிதம்பரநாதன் வாங்கிப் போட்டிருந்தது இரண்டு அறையும் ஒரு தகரக் கூரையும்தான். புனேத் தமிழர்களிடம் அதை 'எஸ்டேட்' என்பார். கோடை வந்தால் சனி, ஞாயிறு இரண்டும் அங்கேதான். மழைக்கு முன் கூரை ஓட்டைகளைத் தார் பூசி அடைக்க வேண்டும். ஏணியைக் கண்டதும் அவருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். மனைவி கோமளவல்லி சேலையைச் செருகிக்கொண்டு ஏறுவாள். அவர் மாமர நிழலில் உட்கார்ந்து, "இடது பக்கம் விட்டுப்போச்சு பாரு" என்று மேற்பார்வை பார்ப்பார்.

அன்று கோமளவல்லி இறங்கிச் சமையலுக்குப் போன பிறகு, 'எஸ்டேட்'டைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்த, புனே லோஹேகாவ் பகுதி நண்பர் பொன்னம்பலத்தின் ஜீப் தெரிந்தது. சிதம்பரநாதன் சட்டென்று தார் டப்பாவுக்குள் இரண்டு கைகளையும் விட்டு எடுத்தார்.

"கை குடுக்க முடியல, மன்னிக்கணும். இங்க எல்லாம் நானே பண்றதுதான்."

"இந்த வயசுல கூரை மேலயா! பெரிய ஆள் சார் நீங்க!"

தண்ணீர் கொண்டுவந்த கோமளவல்லி கேட்டுக்கொண்டே நின்றாள்.

விருந்தாளி போனதும் மண்ணெண்ணெயும் துணியுமாக வந்து அவர் கையைப் பிடித்தாள். அவளுடைய நகங்களில் இன்னும் தார் இருந்தது. திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"மேல ஏறின என் கையிலகூட இவ்வளவு ஒட்டலைங்க."

"அடுத்த வாரம் நான் ஏறறேன் கோமளா."

"வேணாங்க, உங்களுக்கு முதுகு வலி" என்று அடுத்த கையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.