முக்கால் தட்டு

மெர்லினுக்கு எட்டு வயது. கை விறைத்துக்கொள்ளும் பிள்ளை. கள்ளக்குறிச்சியில் அவள் போகும் பயிற்சி மையத்தில் சந்தியா டீச்சர் ஸ்பூன் பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கொடுத்து, அவளாகவே சாப்பிடப் பழக்கிக்கொண்டிருந்தாள்.

"வூட்லயும் ஒரு வேளை அவளே சாப்புடட்டும். எவ்ளோ சாப்ட்டான்னு நோட்ல எழுதியாந்துடுங்க" என்று தாய் உபகாரமேரியிடம் சொல்லியிருந்தாள்.

துணிக்கடையில் பில் போட்டுவிட்டு வீட்டுக்கு வரும்போதே உபகாரமேரிக்குக் கால் கடுக்கும். மெர்லின் சாப்பிட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். பிறகு தரையைத் துடைக்க வேண்டும், கவுனை மாற்ற வேண்டும். இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாளிலிருந்து பத்தே நிமிடத்தில் அவளே ஊட்டிவிட்டாள். நோட்டில் மட்டும் தவறாமல் எழுதினாள்: 'தானே சாப்பிட்டாள். முக்கால் தட்டு.'

மணலூர்பேட்டையில் அண்ணன் மகன் சர்ச்சில் முதல்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்து. பந்தியில் மெர்லின் தானாகவே இலையில் கைவைத்து பிரியாணியை அள்ளினாள். பாதி வாய்க்குப் போனது. மீதி பக்கத்தில் இருந்த அம்மாளின் பட்டுச்சேலையில் விழுந்தது.

"பரவால்ல வுடும்மா, பாவம் புள்ள" என்றாள் அந்த அம்மாள்.

உபகாரமேரி மகளின் மணிக்கட்டில் பட்டென்று அடித்தாள். உள்ளறைக்குத் தூக்கிப் போய், கதவைச் சாத்திக்கொண்டு ஊட்டினாள். மெர்லின் அழவில்லை. வாயை மட்டும் திறந்தாள்.

அந்த வாரம் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினாள். அங்கே இன்னொரு பெண்ணும் மகனோடு உட்கார்ந்திருந்தாள்.

"நாலு நாளா மெர்லின் இங்க ஸ்பூனையே தொடல. வூட்ல சாப்புடறதா எழுதிக்கீறீங்க. எப்படி செய்றீங்கன்னு ஒருக்கா காட்டுங்க. இவங்க ராஜாம்பாள், வெள்ளிமலைலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வந்துக்கீறாங்க. உங்க நோட்ட இவங்ககிட்ட காட்டித்தான் நான் சொல்லிக்குடுக்கறது."

"எம் புள்ள ஆறு வாய்க்கு மேல சாப்புட மாட்டான்க்கா" என்றாள் ராஜாம்பாள். "நாந்தான் சரியா பழக்கலன்னு அவங்கப்பா திட்றாரு. நீங்க செய்றதப் பாத்தா கத்துக்கலாம்."

உபகாரமேரி மகளுக்கு எதிரே உட்கார்ந்து தட்டை நகர்த்தினாள். அம்மாவைப் பார்த்ததும் மெர்லின் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

உபகாரமேரிக்குக் காது மடல் எரிந்தது.

"நோட்ல எழுதனது எல்லாம் பொய்ங்க மிஸ்" என்றாள். "நாந்தான் ஊட்டுவேன். விருந்துல அதுவா அள்ளித் தின்னுச்சு. அதுக்கு அடிச்சிட்டேன்."

டீச்சர் திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. ராஜாம்பாளும் கோபப்படவில்லை. மகனின் தலையைத் தடவியபடி, "அப்ப ஆறு வாய் கம்மி இல்லீங்களா மிஸ்?" என்று கேட்டாள்.

"கம்மியே இல்லம்மா."

உபகாரமேரியால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். பத்து நாள் மெர்லின் ஸ்பூனைத் தொடவில்லை. சோறு ஆறிப்போன பிறகு, பசி பொறுக்காமல் அழும்போது, வேறு வழியில்லாமல் ஊட்டினாள்.

பதினோராம் நாள் பாலை இறக்கிவைக்க எழுந்துபோனாள். திரும்பி வந்தபோது மெர்லினின் மோவாயெல்லாம் தயிர்ச்சோறு. அம்மாவைக் கண்டதும் பிள்ளை வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

உபகாரமேரி சமையற்கட்டுக்கே திரும்பிப் போனாள். தட்டில் ஸ்பூன் உரசும் சத்தம் மறுபடி கேட்கும்வரை சுவரோரம் அசையாமல் நின்றாள். கேட்ட பிறகும் வெளியே வரவில்லை.