கம்பத்துக்கு அப்பால் கல்யாணக் கேக்

மேல் சிலேசியா மாகாணத்தைப் பங்கு போட்ட பெரிய மனிதர்கள் வரைபடத்தில் ஒரு கோடு கிழித்தார்கள். அது சுரங்கக்காரர் தெருவின் நட்டநடுவே இறங்கியது. இடது வரிசை வீடுகள் ஜெர்மனியிலேயே தங்கின. வலது வரிசை போலந்துக்கு வந்தது. போன வருஷம் வரை வீடு வீடாக நிலக்கரி இறக்கிய தியோபில் காவ்லிக், இப்போது போலந்தின் சுங்க அதிகாரி. தெரு நடுவே, எல்லைக் கோட்டில் போட்ட கம்பத்தருகே, நாட்டையே தோளில் தாங்குகிறவர் போல நின்றார்.

எதிர் வரிசை வலெஸ்காவின் மகளுக்கு அடுத்த வாரம் கல்யாணம். அதற்கு முன்பே வேண்டியவர் வீடுகளுக்கெல்லாம் 'கொவோச்' கேக் போய்ச் சேர வேண்டும். அது வராத வீட்டை ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கும். தியோபில் வீட்டுக்கு வரவில்லை. "நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு மாதா கோயிலுக்குப் போறது?" என்று மனைவி அல்பினா காலையிலேயே பிடித்துக்கொண்டாள்.

வலெஸ்கா கூடையோடு வந்தாள்.

"சோதனை போடணும்," என்றார் தியோபில். "இது யாருக்கு?"

"பாதிரியாருக்கு."

"இது?"

"செருப்புத் தைக்கிறவருக்கு."

கடைசிப் பொட்டலம் வரை கேட்டாயிற்று. அவர் பெயர் மட்டும் வரவில்லை.

"அன்னிய நாட்டு வெண்ணெய். மொத்தமும் பறிமுதல்."

"தாராளமா எடுத்துக்க தியோபிலு. புடுங்கித் தின்னான்னு ஊரு சொல்லும். குடுத்தாங்கன்னு சொல்லாது."

தியோபில் இறங்கிவந்தார். "எங்கள மட்டும் ஏங்க்கா விட்டுட்டீங்க?"

"நீதானப்பா சாராயக்கடையில மேசையத் தட்டிச் சொன்னே, அந்தப் பக்கத்துலேருந்து ஒரு துரும்பும் வாங்கமாட்டேன்னு? வேலைக்கு வேட்டு வச்சிடக் கூடாதேன்னு பாத்தேன்."

"அது அதிகாரி பேசினது."

"அப்ப அந்த அதிகாரி இங்கயே நிக்கட்டும். நீ போயி எங்க அடுப்படியில எம் பொண்ணுகிட்ட வாங்கிக்க."

கூடை போலந்துக்குள் போயிற்று. தியோபில் தொப்பியைக் கம்பத்தில் மாட்டிவிட்டு ஜெர்மனிக்குள் போனார். திரும்பியபோது மேல்கோட்டின் வயிற்றுப் பக்கம் புடைத்திருந்தது. கம்பத்தருகே அதற்குள் ஏழெட்டுப் பேர் மூட்டையும் பையுமாகக் காத்திருந்தார்கள்.

"ஐயா, கோட்டுக்குள்ள என்னங்க?" என்றாள் முட்டைக்காரி, ரொம்பப் பணிவாக.

தியோபில் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார். "அரசாங்க விஷயம்."

"எங்களுதும் அதேதாங்க," என்றாள் அவள், முட்டைக் கூடையைத் துணியால் மூடிக்கொண்டு.

கம்பம் உயர்ந்தது. அன்று பொழுது சாயும்வரை அது இறங்கவே இல்லை.