அவுக பேரு என்ன?

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஒரே ஒரு வாக்கியம் எழுதித் தரச் சொன்னார்கள். எழுத முடியவில்லை. அதனால் கதை எழுதுகிறேன்.

கேட்டவள் பாத்திமா. திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கு அடுத்த சந்தில் சவப்பெட்டி செய்யும் கடை வைத்திருக்கிறாள். அவள் அப்பா அந்தோணிமுத்து தொடங்கிய கடை. மெயின் ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட புதுக்கடை வந்ததிலிருந்து சந்துக்குள் யாரும் திரும்புவதில்லை. இடத்தில் பாதி அவள் அண்ணன் ஆண்டனிராஜுக்கு. அவன் ஒரு செல்போன் கடைக்காரரிடம் பேசி வைத்துவிட்டான்.

"கல்லறைத் திருநாள் வரைக்கும் பாரு பாத்திமா. அதுக்குள்ள யாவாரம் நிமிரலைன்னா சாவியக் குடுத்துரு. வேடசந்தூர் மில்லுக்குப் போ. பஸ்சு வாசலுக்கே வருது."

பாத்திமா மில்லுக்குப் போகவில்லை. இணையதளம் போட, அந்த வேலை தெரிந்த பையன் ஃபாரிஸைக் கூட்டி வந்தாள்.

"பெரியம்மா, மொத வரி மட்டும் நீங்க எழுதிக் குடுங்க. உங்களுக்குத்தான் எழுத வருமே."

எனக்கு எழுத வராது, காதில் விழும். இரண்டு பேர் பேசுவார்கள், நான் எடுத்து வைப்பேன். இணையதளத்துக்கு வாய் கிடையாது. அது எப்படி

(இந்த வாக்கியத்தை இங்கேயே விடுகிறேன். எப்படி என்று அப்போது எனக்குத் தெரியாது.)

2

ஃபாரிஸ் முதலில் கொண்டுவந்த பக்கத்தைப் பாத்திமாவின் போனில் பார்த்தோம். முழுக்கக் கறுப்பு. நான்கு மூலையிலும் மெழுகுவர்த்தி ஆடியது. தொட்டதும் ஒரு பாட்டு கத்தியது. மேலே தங்க எழுத்தில் 'வாங்க, வாங்க!' கீழே 'நன்றி, மீண்டும் வருக.'

பாத்திமா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஏப்பா, எங்க கடையில யாரும் வாங்கன்னு சொல்லிக் கேட்டிருக்கியா?"

"இல்லக்கா."

"வந்தவுக, போயிட்டு வாரேன்னு சொல்லிக் கேட்டிருக்கியா?"

"இல்ல."

"அப்பறம் செத்த வீட்டுக்காரனப் பாத்து மறுக்கா வான்னு எழுதி வச்சிருக்க? செருப்பக் கழட்டுவான்."

"அது டெம்ப்ளேட்ல வாரதுக்கா. நேத்து ஒரு பிரியாணிக் கடைக்குப் போட்டேன்."

"அதான் மெழுகுவத்தி பக்கத்துல பேமிலி ஆஃபர்னு கெடக்கா?"

ஃபாரிஸ் போனை வாங்கிப் பார்த்தான். கிடந்தது.

3

நான் எழுதிக் கிழித்தவை:

உங்கள் துயரத்தில் நாங்களும் — (இப்படிப் பேசும் ஒருவரையும் நான் கேட்டதில்லை.)

மரணம் என்பது — (இதற்கு மேல் யார் படிப்பார்கள்? நானே மாட்டேன்.)

தரமான மரம், நியாயமான — (மெயின் ரோட்டுக் கடையும் இதையேதான் போட்டிருக்கிறது.)

வாசகரே, கதை இங்கே நின்றுவிட்டது. எழுதுவதை விட்டுவிட்டுக் கேட்கத் தொடங்கினேன்.

"ஏம்மா, வாங்கன்னு சொல்ல மாட்ட. பின்ன வந்தவுகளுக்கு என்னதான் செய்வ?"

"ஸ்டூலத் தள்ளிப் போடுவேன்."

"வாயால ஒண்ணும் கேக்க மாட்டியா?"

"அவுக பேரு என்னன்னு கேப்பேன். பெட்டி மேல எழுதணும்ல. நீளம், வெலையெல்லாம் பெறகுதான்." பெட்டிக்குள் வைக்கும் துணியை மடிப்பதை நிறுத்தினாள். "ஆஸ்பத்திரியில இருந்து எல்லாரும் பாடி, பாடின்னே சொல்லிட்டு வருவாக பெரியம்மா. பேரக் கேட்டதும்தான் அழுவாக."

ஃபாரிஸ் தன் லேப்டாப்பை மூடினான்.

"அம்புட்டுத்தான்க்கா. பழசத் தூக்கிப் போட்டுர்றேன்."

4

புதிய பக்கம் வெள்ளையாக வந்தது. பாட்டு இல்லை. மேலே, கண்ணாடி போடாத என் கண்ணுக்கே தெரியும் அளவில் போன் நம்பர். நடுவில் 'அவுக பேரு என்ன?' என்ற கேள்வி, அதன் கீழே ஒரு காலிக் கட்டம். பிறகு பெட்டிகளின் படங்கள். ஒவ்வொன்றின் கீழும் விலை. சாவு நடந்த அன்றைக்குப் பேரம் பேசத் தெம்பு யாருக்கு இருக்கும்? கடைசியில் சந்துக்குத் திரும்பும் வழி.

நல்ல இணையதளம் என்றால் அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

"கை நடுங்கும்ல பெரியம்மா, அதுக்குத்தான் பட்டன் இம்புட்டுப் பெருசு" என்றான் ஃபாரிஸ். முகம் தெரியாத ஒருவருடைய நடுக்கத்தை முன்கூட்டியே நினைத்து இடம் விட்டிருக்கிறான். சந்து அப்படியேதான் இருந்தது. அதன் வாசல் எங்கெங்கோ திறந்துகொண்டது.

ஆனால் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு பெயரைப் போட வேண்டும். ஃபாரிஸ் தன் பெயரை அடிக்கப் போனான்.

"ஏலே, எடு கைய! உங்கம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?"

"அப்ப பெரியம்மா பேரு..."

"கதைய நான் இன்னும் முடிக்கலப்பா" என்றேன்.

உயிரோடிருக்கும் யாருடைய பெயரும் அந்தக் கட்டத்துக்குள் போக மறுத்தது. கடைசியில் பாத்திமா போனை வாங்கித் தானே அடித்தாள்: அந்தோணிமுத்து.

பக்கம் மாறியது. 'அந்தோணிமுத்து அவர்களுக்கான பெட்டியைத் தொடங்குகிறோம்.'

"அப்பாவுக்கு நாந்தான் துணி மடிச்சேன்" என்றாள் பாத்திமா. வாயில்லாத ஒன்று பேசிவிட்டிருந்தது.

5

முதலில் எழுதியவள் சார்ஜாவிலிருந்து நான்சி என்ற பெண். பெயர்க் கட்டத்துக்கு இத்தனை எழுத்துதான் என்று வரம்பு வைக்க ஃபாரிஸ் மறந்திருந்தான். அதற்குள் அவள் எழுதியிருந்தாள்:

'அமலராணி. எங்க அம்மா. ரெட்டியார்சத்திரம். சின்ன உருவம். உள்ள வெள்ளைத் துணி வேணாம், அம்மாவுக்கு நீலந்தான் பிடிக்கும். போன்ல சொன்னா அழுதுருவேன், அதான் எழுதுறேன்.'

நான்சி ஊர் வந்து சேர்வதற்கு முன்பே, உள்ளே நீலத் துணி மடித்த பெட்டி அவள் வீட்டு வாசலுக்குப் போயிருந்தது.*

ஃபாரிஸ் வரம்பு வைக்க வந்தான். "வைக்காத" என்றாள் பாத்திமா.

(* மெயின் ரோட்டுக் கடையில் நீலத் துணி கிடைக்காதா? கிடைக்கும். அதைச் சொல்ல அங்கே ஒரு கட்டம் இல்லை.)

6

இன்னும் சில பேர் எழுதினார்கள். ஆனால் அதற்குள் கல்லறைத் திருநாள் வந்துவிட்டது. அப்பாவின் கல்லறைக்குப் பூ வைத்துவிட்டு ஆண்டனிராஜ் நேராகக் கடைக்கு வந்தான். கூடவே வந்த செல்போன் கடைக்காரர் டேப் பிடித்துச் சுவரை அளக்கத் தொடங்கினார்.

"நாலஞ்சு ஆர்டரெல்லாம் ஒரு யாவாரமா? எங்க, காட்டு. நானும் ஒரு ஆர்டர் போட்டுப் பாக்குறேன்." பாத்திமாவின் போனை எடுத்தான் ஆண்டனிராஜ்.

"போடுண்ணே. மொத பேரு கேக்கும்."

அவன் கட்டைவிரல் கட்டத்தின் மேல் நின்றது. யார் பெயரை அடிப்பான்? பெண்டாட்டி பெயரையா, பிள்ளை பெயரையா? சும்மா 'அ' என்று மட்டும் அடித்தான். முன்பு அடித்ததைப் போன் நினைவில் வைத்திருந்தது. கீழே தானாக வந்து நின்றது: அந்தோணிமுத்து.

இதற்கு நான் எழுதிப் பார்த்த முடிவுகள்: ஆண்டனிராஜ் அழுகிறான். (அவனை எனக்குத் தெரியும், அழ மாட்டான்.) பாத்திமா சாவியை நீட்டுகிறாள். (அவளையும் எனக்குத் தெரியும்.) செல்போன் கடைக்காரர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு

இல்லை. அந்த நேரம் பார்த்துப் போன் அவன் கையிலேயே மணியடித்தது. தெரியாத எண். பாத்திமாவின் இரண்டு கையிலும் பசை.

"எடுண்ணே."

எடுத்தான். மறுமுனையில் யாரோ பேச முடியாமல் மூச்சு வாங்குவது எனக்கே கேட்டது. ஆண்டனிராஜ் தங்கையைப் பார்த்தான். பிறகு காலால் ஸ்டூலை இழுத்துத் தானே உட்கார்ந்தான்.

வாசகரே, என் காது எட்டும் தூரம் இதுவரைதான். அவன் முதலில் சொல்லப்போகிற சொல்லில்தான் இந்தக் கடை இருக்கிறது. வாயைத் திறந்துவிட்டான்.

நீங்கள் சொல்லுங்கள்.