முதலை கொண்டுபோன கால்

வல்லிபுரத்தின் இடது காலை, முழங்காலுக்குக் கீழே, வாவி முதலை கொண்டுபோய் வருசங்களாகிவிட்டன. மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா என்பார்கள். கால் போனது போனதுதான். ஆனால் அந்தக் காலின் நோவு மட்டும் அவனோடே தங்கிவிட்டது. இல்லாத பாதத்தின் விரல்கள் மடங்கி, நகம் உள்ளங்காலில் இறங்குவதுபோல் வலிக்கும். சொன்னால் யார் நம்புவது? "முதலைக்குச் செமிக்கல்ல போல" என்று தோணிக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், பாவிகள்.

அவனுக்கு மனம் நொந்தது மனைவி சின்னத்தங்கத்தால்தான். நொச்சி எண்ணெய் காய்ச்சி, முழங்காலில் பொறுமையாகத் தேய்ப்பாள். "இன்னும் கொஞ்சம் கீழ" என்றால் மட்டும் எரிந்து விழுவாள்.

"கீழ பாய்தான் கிடக்கு. பாய்க்கா எண்ணெய் பூச?"

ஊர் நம்பாவிட்டால் போகிறது, இவள் ஒருத்தி நம்பினால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

கடைசியில் அவள்தான் அவனை ஏறாவூருக்கு, அக்குபங்சர் ஊசி போடும் றஸீனா டொக்டரிடம் கூட்டிப்போனாள். உள்ளே போனதும் முறைப்பாடு வைத்தாள்.

"இல்லாத கால் நோகுதெண்டு சாதிக்கிறார், டொக்டர். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க."

டொக்டர் சிரிக்கவில்லை. "எவடத்த நோகுது ஐயா? காட்டுங்க."

வல்லிபுரம் கட்டிலில் ஏறிக் கால் நீட்டினான். இத்தனை காலத்தில் இதைக் கேட்ட முதல் ஆள் இவர்தான். கட்டிலின் வெறும் விரிப்பில், பெருவிரல் இருக்கவேண்டிய இடத்தைத் தொட்டுக் காட்டினான். டொக்டர் அதை நன்றாகப் பார்த்துவிட்டு, வலது பாதத்தில் அதே இடத்தைத் தடவிப் பிடித்தார்.

"டொக்டர், அது நல்ல கால்!" சின்னத்தங்கம் பதறினாள்.

"தெரியும் அக்கா. ரெண்டும் கூடப்பிறந்ததுகள். ஒண்டுக்கிட்டச் சொன்னா மத்ததுக்குக் கேக்கும். எல்லாருக்கும் சரிவராது. பாப்பம்."

மயிர் போன்ற ஊசி, குத்தியதே தெரியவில்லை. சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு இடது பக்கம், விரிப்பைத் தவிர வேறெதுவும் இல்லாத இடத்தில், யாரோ தொட்டார்கள். மடங்கிக் கிடந்த பெருவிரல் அசைந்தது. மெல்ல நிமிர்ந்தது. அதன் பின்னால் மற்ற விரல்களும் விரிந்தன. உள்ளங்காலில் காற்றுப் பட்டது. கடவுளே, இப்படியும் நடக்குமா! கால் போன அன்று அழாத மனிதன் விம்மி விம்மி அழுதான்.

"என்னங்க, நோகுதா?"

"இல்ல புள்ள. விரல் விரிஞ்சிட்டு. அஞ்சும் விரிஞ்சிட்டு."

சின்னத்தங்கம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் முடித்த நாள் முதல் பார்த்துவரும் முகம். அதில் பொய் வந்தால் அவளுக்குத் தெரியும்.

"நோவு திரும்பியும் வரலாம். எண்ணெயை விடாமப் பூசுங்க, வாற கிழமையும் வாங்க" என்று சொல்லி டொக்டர் ஊசியை எடுத்தார்.

வல்லிபுரம் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு இறங்கப் பார்த்தான்.

"பொறுங்க" என்றாள் சின்னத்தங்கம். குனிந்து, அந்த இடது பாதம் இடிபடாதபடி, கட்டிலருகே கிடந்த முக்காலியைத் தள்ளி வைத்தாள்.